முழங்கால் சாட்சி

"வெட்கமா இல்லையா சிஸ்டர் உங்களுக்கு?"

சலவைக் கடை மாடிக்கு ஏறி வந்த மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது சர்ச் மூப்பருக்கு. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

எதிரே கையில் ஒரு டம்ளர் வெந்நீரோடு நின்றவர் சபையின் பாட்டு டீச்சர். பன்னிரண்டு வருஷமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் தலைக்கு மேலே, 'ரெய்கி சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை.

"புதன்கிழமை தவறாம நீங்க இங்க வர்றதா நம்ம சர்ச் வாட்ச்மேன் சொன்னப்ப நான் நம்பலை. 'என் கண்ணாடிக் கடைக்கு வாய்யா, உனக்கு இலவசமா ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டி விடறேன்'னு அவரைத்தான் திட்டினேன். இப்ப என் கண்ணாலேயே பார்த்துட்டேன்!"

டீச்சர் முதுகுக்குப் பின்னாலிருந்த திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க பிரதர்."

"எதுக்கு மெதுவா? ஞாயித்துக்கிழமை ஆண்டவர்தான் சுகம் தர்றார்னு மைக் பிடிச்சுப் பாடறது. புதன்கிழமை யாரோ கையை ஆட்டி சக்தியை இறக்குறாங்கன்னு வந்து படுத்துக்கறது. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? சொல்லுங்க!"

"ஒத்துப்போகாது பிரதர்."

இந்தப் பதிலை மூப்பர் எதிர்பார்க்கவில்லை.

"தெரிஞ்சுமா வர்றீங்க?"

"தெரிஞ்சுதான் வர்றேன்."

"அப்படின்னா வர்ற ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நீங்க பாட வேண்டாம். போதகர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"சரி பிரதர்."

அவ்வளவுதான். ஓர் அழுகை இல்லை, மன்னிப்பு இல்லை. படியேறும்போது தயார் செய்துவைத்திருந்த மிச்ச வார்த்தைகளை என்ன செய்வதென்று மூப்பருக்குத் தெரியவில்லை.

"கிளம்புங்க. நானே கொண்டுபோய் வீட்டுல விடறேன்."

"நீங்க முன்னாடி போங்க. நான் ஒரு கால் மணி நேரத்துல வந்துடறேன்."

"ஏன், மிச்சம் மீதி சக்தி ஏதாவது வாங்க வேண்டியிருக்கா?"

திரை விலகியது. சிகிச்சை செய்யும் அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"யார் சார் நீங்க? உள்ள ஒருத்தங்க படுத்திருக்காங்க, இங்க வந்து கத்துறீங்க! இந்த அம்மாவையா திட்டுறீங்க? இவங்க ஒரு நாள்கூட என் கட்டில்ல படுத்தது கிடையாது. 'உங்க சக்தியில எனக்கு நம்பிக்கை இல்லை'ன்னு முதல் நாளே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. சிநேகிதிக்குத் துணையா வருவாங்க. ஓரமா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க. போகும்போதெல்லாம், 'இது வேண்டாம், டாக்டர்கிட்ட போகலாம் வா'ன்னு அவங்களைக் கெஞ்சுவாங்க. என் பிழைப்புல மண்ணைப் போடறதே இவங்கதான்!"

"எந்த சிநேகிதி? அவங்களும் நம்ம சபையா?" மூப்பர் டீச்சர் பக்கம் திரும்பினார். "யார்னு சொல்லுங்க!"

டீச்சர் நகர்ந்து திரையை மறைத்து நின்றுகொண்டார்.

"அவளை விட்டுடுங்க. நான்தான்."

திரைக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் மூப்பருக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து வெளியே வந்தாள். வீட்டில் அவள் இப்படி நடந்து அவர் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்லலாம்.

"நீயா? உனக்குத்தான் முட்டி வலி போயிடுச்சே! நான் கை வச்சு ஜெபம் பண்ணினதும் போயிடுச்சுன்னு சபை முன்னாடி சாட்சி சொன்னேனே! எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்களே!"

"கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்குன்னுதாங்க உங்ககிட்ட சொன்னேன். நீங்க மேடையேறிப் பூரண சுகம்னு சொல்லிட்டீங்க. மறுநாளே வலி திரும்பி வந்துடுச்சு."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. 'விசுவாசம் குறைஞ்சா அப்படித்தான்'னீங்க."

அவருக்கு நினைவு வந்தது. பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னது.

"டாக்டர்கிட்டயாவது போயிருக்கலாமே..." குரல் பாதியாகிவிட்டது.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்ம சபை நர்ஸ் யாராவது இருப்பாங்க. இந்த இடத்துக்குத்தான் நம்ம ஆளுங்க வரமாட்டாங்க."

டீச்சர் டம்ளரை நீட்டினார். மனைவி கைப்பையிலிருந்து ஒரு வலி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெந்நீரைக் குடித்தாள். மூப்பர் டீச்சரின் முகத்தைப் பார்க்க முயன்றார். கண் அவருடைய செருப்பைத் தாண்டி மேலே ஏறவில்லை.

"ஞாயித்துக்கிழமை... நீங்க பாடுங்க சிஸ்டர். நான்தான்..."

"பார்த்துக் கூட்டிட்டுப் போங்க பிரதர், படி வழுக்கும்," என்று மட்டும் சொன்னார் டீச்சர்.

"வா. இப்பவே எலும்பு டாக்டர்கிட்ட போகலாம். எந்த நர்ஸ் இருந்தா என்ன!"

மனைவியின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியிலும் அவள் இரண்டு காலையும் ஊன்றி நின்று, மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்த படிக்கு வந்தாள்.

கடைசிப் படிக்கு முந்தைய படியில் நின்று தெருவை எட்டிப் பார்த்தாள்.

"இனிமே கையை விட்டுடுங்க. நான் நேரா நடந்துக்கறேன். யாராவது பார்த்துட்டா, நீங்க சொன்னது பொய்யாயிடும்."