கார்கள் சுற்றிய மலை

அண்ணாமலையார் சாட்சி! இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால், வரும் பௌர்ணமியில் என் புதுச் செருப்பு தொலைந்து போகட்டும்.

“திருடினது கம்பெனின்னா, எடுத்துக் கொடுத்தவ அதோ உக்காந்திருக்கா சார். ரேவதி. எங்கூட சேர்ந்து வேலை பார்த்தவ. சம்பளம் ஜாஸ்தின்னதும் ஓடிட்டா!”

காப்புரிமை அதிகாரி முன்னால் இளஞ்செழியன் குமுறினான். ரேவதி தலையைத் தூக்கவில்லை.

திருவண்ணாமலை மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்துக்காரன் அவன். கிரிவலக் கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கண்டுபிடித்து வழிகாட்ட ஒரு செயலி எழுதி, ‘யாரும் எடுக்கலாம், மாற்றலாம், என் பேரை அழிக்கவோ சொந்தம் கொண்டாடவோ கூடாது’ என்று ஊருக்கே திறந்து வைத்திருந்தான். இப்போது ஒரு சென்னைக் கம்பெனி அதற்குக் காப்புரிமை கேட்கிறது. கிடைத்துவிட்டால் அவன் செயலியையே மூட வேண்டியதுதான்.

“ஒரு வரிகூட இவருது இல்லை சார். எங்களுது கார் நிறுத்த இடம் தேடித் தர்ற ஆப்” என்றார் கம்பெனி வக்கீல்.

“அந்த ஆப்பை ஓட்டிக் காட்டுங்க” என்றார் அதிகாரி.

ரேவதி எழுந்து போய் ஓட்டினாள்.

திரையில் கார்கள் நீலப் புள்ளிகளாக நகர்ந்தன. மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கமாக. பார்க்கப் பார்க்க இளஞ்செழியனுக்குக் கண் சொக்கியது. எங்கிருந்தோ கற்பூர வாசனை. புள்ளிகளின் நடுவே பனிமூட்டமாய் மலை எழும்பி நின்றது. கால் தானாகவே செருப்பைக் கழற்றியது.

“பத்தடி பின்னாலயே கார் நிறுத்தக் காலி இடம் இருக்கு. இது ஏன் முழுசா சுத்தி வரச் சொல்லுது?” அதிகாரி கேட்டார்.

வக்கீல் ரேவதியை முறைத்தார். “இந்தம்மாவுக்குத் திருத்தத் தெரியாத தப்பு சார்.”

“தப்பு இல்லைங்க” என்றான் இளஞ்செழியன், தூக்கத்தில் பேசுவதுபோல. “மலை சுத்தறவங்க யாரும் திரும்பி நடக்க மாட்டாங்க. அதான் பின்னால போற வழியே நான் எழுதலை.”

அதிகாரி வக்கீலைப் பார்த்தார். “உங்க காரெல்லாம் எந்த மலையைச் சுத்துதுங்க?”

விண்ணப்பம் தள்ளுபடி.

வாசலிலேயே ரேவதியின் வேலை போயிற்று. கம்பெனி கார் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது.

இளஞ்செழியனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “திருடத் தெரிஞ்சுது, திருத்தத் தெரியலையா?”

“நான் சேர்றப்பவே அது அவங்க கையில இருந்துச்சு செழியா. அந்தத் தப்பைத் திருத்தத்தான் என்னை எடுத்தாங்க.”

“அப்புறம் ஏன் திருத்தலை?”

“உன் பேரை ஏற்கெனவே அழிச்சுட்டாங்க. அதையும் திருத்திட்டா, உன்னோடதுன்னு சொல்ல அதுல வேற என்னடா இருக்கும்?”

கம்பெனிக்காரர்கள் இன்னும் அவளை மக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். யார் சொன்னதென்று எவனாவது கேட்டால், என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாது. சரிதானே?