அப்பாவின் இன்ஜின் எண்

அப்பாவின் நூற்றாண்டு விழாவில் வைப்பதற்காக, யாரோ வைத்திருந்து விற்ற நீராவி இன்ஜின் மாடல் ஒன்றை மகன் வாங்கினார். அதிலிருந்த எண்ணைச் சுரண்டிவிட்டு, அப்பா ஓட்டி விபத்துக்குள்ளான இன்ஜினின் எண்ணை ஒட்டினார். சக்கரங்களுக்குத் துரு நிறமும் புகைபோக்கிக்குக் கரியும் பூசினார். உள்ளே விரல்நக அளவு பொம்மைகளாக டிரைவரையும், கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனையும் பசைபோட்டு நிறுத்தினார். நிஜ விபத்தில் ஃபயர்மேன் செத்தார்; அப்பா பிழைத்து மெடலும் வாங்கினார். கடைசிவரை பிரேக்கை விடாத வீரர் என்பது மகன் மேடைதோறும் அவிழ்த்துவிடும் கதை.

மறுநாள் காலையில் டிரைவர் பொம்மை இன்ஜினை விட்டிறங்கி, தண்டவாளத்துக்கு வெளியே நின்றது.

"நீ கை வச்சியா?" என்று மகன் தன் மனைவியைக் கேட்டார்.

"எனக்கு வேற வேலையில்ல பாருங்க. மாமா குதிச்சுட்டாருன்னு ஊருக்கே தெரியும். உங்க பொம்மைக்கும் தெரிஞ்சிருக்கு."

"வாயை மூடு. நாளைக்கு மந்திரி வர்றாரு."

"அப்போ பழைய நம்பரையே ஒட்டுங்க. அந்த இன்ஜின்ல இருந்து யாரும் குதிக்கல."

அவர் டிரைவரின் இடுப்பைக் கம்பியால் உள்ளே கட்டி, முடிச்சைப் பற்றவைத்தார்.

விழா நாள் காலையில் கம்பி அறுபடாமல் இருந்தது. டிரைவர் வெளியே, இன்ஜினுக்கு முதுகைக் காட்டி நின்றார். கரி அள்ளக் குனிந்த நிலையில் வார்க்கப்பட்டிருந்த ஃபயர்மேன், நிமிர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.