ஒன்பதாம் நாளும் பச்சை

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் தொழில். இப்போது வைரஸ் தொற்று என்று நானே ஒன்பது நாளாக இந்தத் தனிமைக் கண்ணாடி அறையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் காலையில் வாய் கொப்பளித்து, அந்தத் தண்ணீரைக் குப்பியில் துப்பி, சுவர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் லேப் மேடம் அதை எடுத்து, தட்டில் வளரும் உயிரணுக்கள் மேல் விடுவார். வைரஸ் பட்டால் பச்சையாக ஒளிரும்படி மாற்றி உருவாக்கிய உயிரணுக்களாம். பச்சை வராத நாளில்தான் என்னை வெளியே விடுவார்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதென்று மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டுத்தான் வேலை செய்வார்.

மாலையில் ஸ்பீக்கர் கரகரத்தது.

“இன்னைக்கும் பச்சைதான் அண்ணா.”

“எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே மேடம்! வீட்டுல பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டா. போன்லதான் பார்த்தேன்.”

“நான் என்ன பண்ணட்டும்? வைரஸ் இல்லாம இது ஒளிராது.”

“தப்பாக் காட்டவே காட்டாதா?”

“சத்தியமா காட்டாது.”

“அப்படின்னா ஒண்ணு சொல்லணும் மேடம். மூணு நாளா நான் குப்பியில துப்பவே இல்ல. சந்தேகத்துல, சீல் போட்ட புது பாட்டிலைத் திறந்து, சுத்தத் தண்ணியைத்தான் ஊத்தி வெச்சேன்.”

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மோவாயில் கிடந்த மாஸ்க்கை மெதுவாக மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மாட்டிக்கொண்டவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையே ஸ்பீக்கரில் சொன்னேன்:

“பதட்டப்படாதீங்க மேடம். மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. ஆளைக் கூப்பிடுறேன்.”