மூலையில் நிற்கும் ராஜா

நாகல் நகர் வீட்டின் முன்னறையில் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. மேசைமேல் மஞ்சளேறிய பழைய கணினி. பள்ளி நாட்களில் சகாயராஜும் தங்கை ஜெஸ்ஸியும் அதில்தான் சதுரங்கம் ஆடினார்கள். பாதி ஆட்டத்தைப் பிளாப்பி வட்டில் சேமித்த மறுநாளே அதைப் படிக்கும் டிரைவ் பழுதாகிவிட, தான்தான் ஜெயித்திருப்பேன் என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார் அண்ணன். இன்று ஜெஸ்ஸி அந்த டிரைவைக் கழற்றிவிட்டு, மெமரி கார்டு செருகும் சின்னப் பலகையை மாட்டியிருக்கிறாள். பழைய பிளாப்பியில் இருந்ததையெல்லாம் நகமளவு கார்டில் ஏற்றியும் கொண்டுவந்துவிட்டாள். கார்டு உள்ளே போகிறது. "கரகரன்னு சத்தமே காணோமே. இது லோடாகாது, விடு. டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சகாயராஜ் எழுகிறார். அந்தக் காலத்தில் ஆட்டம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். இப்போது அவர் முழங்கால் நிமிர்வதற்குள் திரை நிறைந்துவிடுகிறது. மூலையில் அவருடைய கறுப்பு ராஜா. எதிரே ஜெஸ்ஸியின் ராணி. அடுத்த நகர்த்தல் ஜெஸ்ஸியுடையது, அதோடு ஆட்டம் முடிந்துவிடும். வெயில் மேசைக்காலிலிருந்து மெல்ல அவர் பாதத்துக்கு நகர்கிறது. அவர் கார்டை உருவுகிறார், ஊதுகிறார், சட்டை நுனியில் அழுத்தித் துடைத்து மறுபடி செருகுகிறார். ராஜா அதே மூலையில் நிற்கிறார். மறுபடி உருவுகிறார்.

"நல்லாத் தொடைண்ணே," என்கிறாள் ஜெஸ்ஸி. "ராஜாவுக்குத்தான் ரொம்ப வேர்க்குது."