சிப்பியும் கடைசிச் சீஸ் துண்டும்

மூன்று மணிக்கு ஹெலிகாப்டர் வந்துவிடும். மணி ஒன்றரை ஆகியும் சிக்னே கையில் ஒரு சிப்பிகூட இல்லை.

வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவின் இந்த மலையில் உள்ள கறுப்பு அடுக்குக்கு என்ன வயது என்று சிக்னேவும் ஹால்வரும் பதினோரு கோடையாக அடித்துக்கொள்கிறார்கள். ஜுராசிக் காலம் என்பது ஹால்வர் கட்சி. இல்லை, அதற்கடுத்த கிரெட்டேசியஸ் என்பது சிக்னே கட்சி. கிரெட்டேசியஸில் மட்டும் வாழ்ந்து கல்லாகிப்போன ஒரு சிப்பி அடுக்குக்குள்ளேயே கிடைத்தால் சிக்னே சொன்னதுதான் சரி. இன்று கிடைக்காவிட்டால் பாறைகளின் வயதைக் காட்டும் எங்கள் நிலப்படம் ஹால்வர் சொன்னபடி அச்சுக்குப் போகும்.

சரிவில் உதிர்ந்து கிடப்பவை கணக்கில் வராது. அவற்றுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

நான் பனிக்கரடிக் காவல். துப்பாக்கியோடு பாறைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தால் அடுத்த கோடை முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும், அதுவும் பனியாற்றுத் தண்ணீரில். சிக்னே போட்ட சட்டம்.

கால் கடுத்தது. பாறையில் சாய்ந்து, கையைப் பின்னால் ஊன்றினேன். விரலுக்கு வரிவரியாக ஏதோ தட்டுப்பட்டது.

திரும்பக் கூடாது. திரும்பிவிட்டேன்.

"சிக்னே, இங்க ஓடி வா!"

உள்ளங்கை அகலச் சிப்பி, அடுக்குக்குள் ஆழப் பதிந்திருந்தது. சிக்னே என்னைக் கட்டிப்பிடித்து நசுக்கினார். ஹால்வர் முட்டி போட்டு, லென்ஸ் வைத்து, நெடுநேரம் பார்த்தார்.

"சரி தாயே, நீதான் ஜெயிச்ச."

அளவு காட்டச் சுத்தியலைப் பக்கத்தில் வைத்து, சிப்பியும் அடுக்கும் சரிவும் தெரிய மூன்று படம் எடுத்தவரும் அவர்தான். பிறகு மூவரும் தலையைக் குனிந்து, அரைமணி நேரம் அதைப் பெயர்த்தெடுத்தோம்.

காப்பி குடிக்க, ஓடைக்கரையில் சாப்பாட்டுப் பையை விட்டிருந்த இடத்துக்குப் போனோம். சீஸ் டப்பா திறந்து கிடந்தது. கடைசிப் பழுப்புச் சீஸ் துண்டைக் காணோம்.

எங்கள் ஆட்கள் கடைசித் துண்டைத் தொடவே மாட்டார்கள். கேட்காமல் எடுத்தவனைச் சாகும்வரை மறக்கவும் மாட்டார்கள்.

"தோத்த வயித்தெரிச்சல சீஸ்ல காட்டிட்டியா?"

"சத்தியமா நான் தொடல!"

"பின்ன என்ன, சிப்பி வந்து தின்னுச்சா?"

ஹெலிகாப்டரில் ஹால்வர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். சிக்னே மடியில் சிப்பியை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டு வந்தார். ஹால்வரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

சாயங்காலம் அலுவலகத்தில் படங்களைப் பெரிய திரையில் போட்டோம்.

முதல் படம். சுத்தியல், சிப்பி, அடுக்கு எல்லாம் துல்லியம். மூலையில், ஓடைக்கு அப்பால், அழுக்கு வெள்ளையாக ஒரு திட்டு.

"ஆகஸ்ட்லயும் அங்க பனி கெடக்கு பாரேன்" என்றார் சிக்னே.

இரண்டாவது படத்தில் அந்தத் திட்டு ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்தது.

மூன்றாவது படத்தில் அதற்கு நான்கு கால்கள் இருந்தன. தலை மட்டும் தெரியவில்லை. அது எங்கள் பைக்குள் இருந்தது.

சிக்னே மெல்ல என் பக்கம் திரும்பினார். அடுத்த கோடையின் பாத்திரங்கள் அத்தனையும் என் கண்முன் வந்து நின்றன.

ஹால்வர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இப்ப சொல்லு சிக்னே. சீஸ யாரு தின்னா?"