பச்சை வாசனை

புகை குபுகுபுவென்று கிளம்பியதும் பட்டறையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

அவர் மட்டும் புகைக்குழாயின் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோனார்.

மடிக்கணினியும் மடியுமாக எஸ்யூவியின் முன்சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை முறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். எரிச்சல்தான் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு அதை முகர்ந்து வேறு பார்க்கிறாராக்கும்.

ஊரில் அவருக்கு மோப்பக்காரர் என்றுதான் பேர். பானெட்டைத் திறக்கும் முன்பே கிளட்ச் கருகியதா, டீசலில் கலப்படமா என்று சொல்லிவிடுவார். ஏசிக்குள் எலி செத்துக் கிடப்பதைத் தெருவில் நின்றே கண்டுபிடித்த மூக்கு அது. நாளெல்லாம் டீசலில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் வாசற்படியிலேயே நின்று, சோப்பை மாத்திட்டியா என்பார். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. பிறகு அந்தக் கேள்விக்காகவே சோப்பை மாற்றினாள்.

அந்த மனுஷர்தான் இப்போது வண்டிகளின் கரியைப் பிடித்து நிறுத்தும் புகை வடிகட்டியைக் கழற்றுகிறார்.

இதே வேலைக்கு வந்தவர்களையெல்லாம் வருஷக்கணக்காகத் திருப்பி அனுப்பியவர். இது சோறு போடுகிற மூக்கு, ஊரான் மூக்கில் கரி பூச மாட்டேன் என்பார். 'வடிகட்டி கழற்றப்பட மாட்டாது' என்று பலகையே எழுதி மாட்டியிருந்தார். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தார். எழுந்து வந்த கையோடு பலகையை இறக்கினார். இப்போது அதன்மேல் படுத்துத்தான் வண்டிக்கு அடியில் போகிறார்.

ஏன் இந்தப் புத்தி என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை.

வடிகட்டியைக் கழற்றுவது அவர் வேலை. அது இன்னும் இருக்கிறது என்று வண்டியின் கணினியை நம்பவைப்பது அவள் வேலை. பொய் சொல்லிக்கொடுப்பதுதான், வேறென்ன. ஒவ்வொரு முறையும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அதற்கும் மேலே ஒரு மனத்தாங்கல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவர் காய்ச்சல் விட்டு எழுந்த வாரம் அவள் சோப்பை மாற்றியிருந்தாள். அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. இனி நான் எதைப் பூசிக் குளித்தால் இவருக்கென்ன என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

அப்போதுதான் துணி கருகும் நாற்றம் வந்தது.

அத்தனை டீசல் புகையிலும் அது தனியாகத் தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். அவர் இடுப்பில் செருகியிருந்த துடைக்கும் துணி சுடுகுழாயில் பட்டு, ஓரம் கனன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

மடிக்கணினியைப் போட்டது போட்டபடி ஓடினாள். துணியை உருவித் தரையில் போட்டு மிதித்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி முகம்.

திட்ட வாயெடுத்தவள் அவர் மூக்கைப் பார்த்தாள். இடுப்புத் துணி எரிகிறது, இந்த மூக்குக்கு அது தெரியவில்லை.

"அந்தக் காய்ச்சலோட போச்சு" என்றார் மெதுவாக. "வடிகட்டாத புகையாச்சும் எட்டுதான்னு ஒவ்வொரு வண்டியா பார்க்கிறேன்."

ஐயோ, இந்த மனுஷரிடமா இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு மரக்கடைக்காரர். வடிகட்டி ஓயாமல் அடைக்கிறது, எடுத்துக் கடாசுங்கள் என்று வந்தவர். அவர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார், மோப்பக்காரரின் மூக்கு என்ன சொல்கிறது என்று.

மோப்பக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

பேசாமல் அவர் பக்கத்தில் தானும் மண்டியிட்டாள். குழாயருகே குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள். கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. கேட்டால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம். முகர்ந்ததற்கு என்ன பெயர் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது அடுப்படிச் சொல்.

"பச்சை வாசனை போகலைங்க" என்றாள் அவர் காதில்.

அவர் முகம் மாறியது. பச்சை வாசனை என்றால் டீசல் எரியாமல் வருகிறது. எரியாமல் வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. எழுந்து நின்று வாசலைப் பார்த்துக் கணீரென்று சொன்னார்: டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகுகிறது, வடிகட்டி அடைப்பதே அதனால்தான், அதைச் சரிபண்ணிவிட்டு வடிகட்டியைக் கழுவித் திரும்ப மாட்டித் தருகிறேன், கடாசவே வேண்டாம்.

மூக்குன்னா இதுல்ல மூக்கு என்று மரக்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது கேட்டது.

அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் கையை விடவில்லை. கொஞ்சம் நெருங்கி வந்தார். வழக்கம்போல மூச்சை இழுத்தார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"சோப்பு... அதேதானே?"

இந்தப் பொய்க்கு மட்டும் அவள் சண்டை போடவில்லை.

"அதேதாங்க."