எதிர்க்கடைக்காரர்

"போரும் அஜிதா. ரெக்கவரி வேனைக் கூப்பிட்டுடறேன். கட்டி இழுத்துண்டு வேற எங்கேயாவது போய்ப் பாத்துக்கறேன்" என்று போனை எடுத்தார் வெங்கிடேஷ்.

"ஒரே ஒரு தடவை கூடப் பாத்திருதேன் சார்."

"காத்தாலேர்ந்து இதையேதானே சொல்லிண்டிருக்கே!"

அஜிதா மறுபடியும் எஞ்சின் பக்கம் குனிந்தாள். கிள்ளிப்பாலத்தில் அவள் ஒர்க்‌ஷாப் திறந்த பிறகு வந்த முதல் பெரிய வேலை இது. வெங்கிடேஷ் தன் பழைய மாருதியை ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி, எஞ்சினை ஜாம் ஆக்கிவிட்டார். அஜிதா பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஆக்கர் கடைகளில் அலைந்து நல்ல எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். செயின் போட்டுப் பழையதை அவளே தூக்கினாள், புதியதை அவளே இறக்கினாள்.

'பொண்ணு எஞ்சின் மாத்துதாம்' என்று தெருவே வேடிக்கை பார்த்தது. இன்று சாவி திருப்பும் நாள் என்பதால் கூட்டம் கொஞ்சம் அதிகம்.

சாவியைத் திருப்பினால் ஒரு முனகல். அதோடு சரி.

பேட்டரி புதியது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்து, பேட்டரியோடு நேராக இணைத்துப் பார்த்தாள். விர்ரென்று சுற்றியது. வண்டியில் மாட்டினால் மறுபடி அதே முனகல்.

கூட்டத்தில் ஒருவர், "இதெல்லாம் ஆம்பளைங்க கை வெக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

வண்டி கயிறு கட்டி வெளியே போனால், இனி இந்தத் தெருவில் எஞ்சின் வேலைக்கு ஒருவரும் தன்னைத் தேடி வரமாட்டார்கள் என்று அஜிதாவுக்குத் தெரியும்.

வெங்கிடேஷ் எதிர்க்கடையைப் பார்த்துக் கை தட்டினார். "தாணு! நீ வந்து ஒண்ணு பாரேன்!"

எதிர் ஒர்க்‌ஷாப் தாணுமாலையன் கை துடைத்தபடி வந்தார். அஜிதா கடை போட்ட நாளிலிருந்து அவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டார். இப்படியும் அப்படியும் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நான் தொடமாட்டேன் சாரே."

"ஏன்?"

"எஞ்சினைக் கட்டின ஆளு அப்படியாக்கும். தரையில கால் பாவாம நடக்குத ஆளு கை வெச்சா, எஞ்சினும் அப்படித்தானே நிக்கும்? தரையோட ஒரு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!"

கூட்டம் சிரித்தது. அஜிதாவின் முகம் சிவந்துவிட்டது.

"அண்ணாச்சி, பாக்க வந்தா பாருங்க. இல்லன்னா போங்க. என் வேலைய எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா செய்யி. நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றபடி அவர் தெருவைக் கடந்து போய்விட்டார்.

ஸ்பேனரை வீசியெறிந்துவிட்டு அழலாம் போலிருந்தது அவளுக்கு. தரையில் கால் பாவவில்லையாம்! தரையோடு ஒட்டு உறவு இல்லையாம்! தரையோடு...

சட்டென்று நிமிர்ந்தாள்.

எர்த்!

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் துண்டுகளின் மேல். அதற்கும் வண்டியின் பாடிக்கும் நடுவே கரண்ட் திரும்பி வர ஒரு எர்த் பட்டை வேண்டும். அது எங்கே?

மூலைக்கு ஓடினாள். கழற்றிப் போட்ட பழைய எஞ்சினில் அது பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்றினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். புது எஞ்சினில் ஒரு முனை, பாடியில் ஒரு முனை. போல்ட்டை முறுக்கிவிட்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"சார், இனி பாருங்க."

சாவி திரும்பியது. எஞ்சின் இரண்டு சுற்று திணறியது, இருமியது, பிறகு கும்மென்று பிடித்துக்கொண்டது. அஜிதா ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் தெருக்கோடி வரை போனது.

கூட்டம் கை தட்டியது. "ஆம்பளைங்க கை வெக்கணும்" என்றவரும் தட்டினார்.

"அடேயப்பா! சாதிச்சுட்டியே! எங்க தெருவுல எல்லார்கிட்டேயும் சொல்றேன் பாரு" என்றார் வெங்கிடேஷ். ரெக்கவரி வேனை மறந்தே போனார்.

அஜிதா வண்டியிலிருந்து இறங்கினாள். கன்னத்தில் கிரீஸ், கண்ணில் தண்ணீர். தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. எதிர்க்கடையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"அண்ணாச்சி! காலு தரையில பட்டாச்சு, கேட்டேளா?"

தாணுமாலையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொறாமை புடிச்ச மனுஷன்" என்று முணுமுணுத்தபடி கூட்டம் கலைந்தது.

மதியச் சாப்பாடு கொண்டு வந்திருந்த அவர் மனைவி ரெம்யா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டிபன் கேரியரை டொக்கென்று வைத்தாள்.

"ஒரு பொண்ணை நாலு பேர் முன்னாடி இப்படியா பேசுவிய? வெக்கமா இருக்கு எனக்கு."

"எர்த் பட்டை மாட்டலைன்னு வேற எப்படி அவளுக்குச் சொல்ல?"

ரெம்யா திகைத்தாள். "அப்போ, தெரிஞ்சுதான் சொன்னியளா? அதை அவ காதுல மெதுவா சொல்லியிருக்கலாமே!"

தாணுமாலையன் எதிர்க்கடையைப் பார்த்தார். அஜிதா ஓட்ட, வெங்கிடேஷ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாருதி தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் அவ காதுல ஒரு வார்த்தை சொல்லி வண்டி கிளம்பியிருந்தா, ஊரு என்ன பேசும்? தாணு ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தான்னு பேசும். தனியா நின்னு எஞ்சினை இறக்கினவ அவளாக்கும்!"